கிங்ஸ் கிராஸ் கூட்ஸ் யார்டு: தரையில் ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளம்?

#1 வடக்குவாசல்

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிரசவத்துக்காக மூன்று மாதமாக லண்டனில் இருக்கிறேன். காலையில் நடக்கப் போவது கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். ரீஜென்ட்ஸ் கால்வாயைத் தாண்டினால் பெரிய முற்றம் ஒன்று வருகிறது, கிரானரி ஸ்கொயர் என்று பெயர். வடக்கு ஓரத்தில் ஆறு மாடிச் செங்கல் கட்டடம். அதற்குள் இப்போது சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி நடக்கிறது. எதிரே தரையிலிருந்து பீறிடும் 1,080 நீரூற்றுகள். வெயில் வந்தால் பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான்.

ஊரில் 28 வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். இரும்பைக் கண்டால் குனிந்து பார்க்காமல் நகர மாட்டேன். கட்டடத்தையொட்டிக் கல் பாவிய தரையில் பழைய தண்டவாளங்களை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி நேராகப் போகிறது. இன்னொரு ஜோடி அதைச் சரியாக 90 டிகிரியில் வெட்டுகிறது. வெட்டுகிற இடத்தில் வட்டமாக ஒரு இரும்புத் தட்டு. முச்சந்தியில் மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி ரயில் திரும்பாதே! இது ஸ்டேஷனாக இருந்ததா, கிட்டங்கியாக இருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கூட்ஸ்கிளார்க்_ஓய்வு

ஐயா, நீங்கள் பார்த்தது வேகன் டர்ன்டேபிள். அதில் முழு ரயிலும் திரும்பாது, ஒரு நேரத்தில் ஒரு வேகன்தான். அந்தக் காலத்து இங்கிலாந்து வேகன் குட்டை, நாலே சக்கரம். கொக்கியைக் கழற்றித் தட்டின் மேல் ஏற்றி, குதிரையோ ஆளோ தள்ளினால் கால் வட்டம் சுற்றிப் பக்கத்து லைனுக்கு நேராக வந்து நிற்கும். பாயிண்ட், அதாவது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்குப் பிரிகிற கம்பி, அதை வைத்து வளைத்துக் கொண்டுபோக ஏகப்பட்ட நீளம் வேண்டும். டர்ன்டேபிளுக்கு ஒரு வேகன் நீளம் போதும். நகரத்தின் விளிம்பில் விலை கொடுத்து நிலம் வாங்கியவர்களுக்கு அது பெரிய மிச்சம்.

அது கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் கூட்ஸ் ஸ்டேஷன். வரைந்தவர் லூயிஸ் கியூபிட். கிங்ஸ் கிராஸ் பயணிகள் நிலையத்தை வரைந்தவரும் அவர்தான். ஆறு மாடிக் கட்டடம் 1852இல் வந்த தானியக் கிடங்கு, கிரானரி என்பது அதைத்தான். லிங்கன்ஷையர் கோதுமை அங்கே வந்து இறங்கி லண்டன் ரொட்டிக்கடைகளுக்குப் போகும். சுமார் 60,000 மூட்டை கொள்ளும். மூட்டைகளை மேல்மாடிக்குத் தூக்கியது நீரழுத்தத்தில் ஓடிய ஹாய்ஸ்ட். கிடங்கின் முதுகுப்பக்கம் சுமார் 180 மீட்டர் நீளத்தில் இரண்டு ஷெட்டுகள். கிழக்கு ஷெட் இறக்குவதற்கு, மேற்கு ஷெட் ஏற்றுவதற்கு, நடுவில் இருந்தது ரயில் கோக்கிற ஷெட்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வேகனுக்குப் பின்னாலேயே போகலாம். இரவெல்லாம் ஓடிவந்த வேகன் கிழக்கு ஷெட்டுக்குள் நுழைகிறது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் குதிரைவண்டி, நடுவில் மேடை. சரக்கு மேடையைக் கடந்து வண்டிக்குப் போய்விடுகிறது. காலி வேகன் வந்த வழியே திரும்பிப் போனால் பின்னால் நிற்கிற வேகன்கள் எல்லாம் அடைபட்டுவிடும். அதனால் டர்ன்டேபிளில் ஏற்றிக் குறுக்கு லைனில் திருப்பி, மேற்கு ஷெட்டுக்குத் தள்ளுகிறார்கள். அங்கே லண்டன் சரக்கு ஏறுகிறது. ஏறியதும் மறுபடி ஒரு கால் வட்டம், நடு ஷெட்டுக்குப் போய் மற்ற வேகன்களோடு சேர்ந்து வடக்கே புறப்பாடு. நீங்கள் குனிந்து பார்த்த வட்டத் தட்டு இந்தச் சுற்றில் ஒரு மூட்டு.

இதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு கூட்ஸ் ஷெட்டில், பெயர் வேண்டாம், ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மேடையில். ஒரு ஐப்பசி மழையில் உர மூட்டை இறங்கிக்கொண்டிருக்க, நெல் மூட்டை வெளியே காத்துக் கிடந்தது. லாரி உள்ளே வர வழியில்லை, வேகன் வெளியே போக வழியில்லை. மூன்றாம் நாள் சாக்கைப் பிரித்துக் கையை விட்டேன். உள்ளே கொதிக்கிற சூடு. நெல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதால் அந்த விவசாயி என்னைத்தான் பார்த்தார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. 1852இல் ஒருவர் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைத்து ஷெட் கட்டியிருக்கிறார் என்று படித்த அன்று எனக்கு அந்த நெல்தான் ஞாபகம் வந்தது.

#3 மேகலை

சார், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. இவ்வளவு குதிரைகளும் ராத்திரி எங்கே தங்கின? ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டுவார்களா?

#4 ஜீவன்_வடமராட்சி

அக்கா, அங்கேயேதான். மேற்கு ஷெட்டின் ஏற்றுகிற மேடைக்குக் கீழே லாயம் இருந்தது. மேலே சரக்கு, கீழே குதிரை. அந்த ஷெட்டின் ஓரமாப் போற தெருவுக்கு இப்பவும் ஸ்டேபிள் ஸ்ட்ரீட் எண்டுதான் பேர். நான் லண்டனுக்கு வந்த புதிதில் அந்தப் பக்கம் ஒரு கிட்டங்கியில் இரவு வேலை செய்தனான். அப்ப அதெல்லாம் பூட்டிக் கிடந்தது, ஒருத்தரும் போகாத இடம்.

வடக்குவாசல் ஐயா, நேரமிருந்தா கால்வாய்க்கரையாலயே மேற்கே கேம்டன் வரைக்கும் நடவுங்கோ. அரை மணித்தியாலத்துக்கு மேல ஆகாது. அங்க பாலத்து இரும்பு விளிம்பில விரல் அளவுக்குப் பள்ளம் பள்ளமா இருக்கும். படகு இழுத்த குதிரையின்ர கயிறு உரசி உரசி அறுத்த தடம். கையை வைச்சுப் பாருங்கோ, வழுவழு எண்டு இருக்கும்.

#5 வரைபடப்பித்தன்

இந்த இழையைப் பார்த்ததும் விட மனமில்லை. இந்த இடத்தின் பழைய வரைபடங்களை வருடக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்ஸ்கிளார்க் சார் சொன்னது 1852இன் அமைப்பு. அது அப்படியே நிற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் எங்கே அடைப்பு ஏற்பட்டதோ அங்கே உடைத்துக் கட்டியிருக்கிறது.

முதலில், இடம் ஏன் அங்கே? ரீஜென்ட்ஸ் கால்வாய் 1820இலேயே வந்துவிட்டது. கிரேட் நார்தர்ன் லைன் வடக்கிலிருந்து வரும்போது கால்வாய் குறுக்கே கிடந்தது. பயணிகள் லைனைச் சுரங்கம் தோண்டிக் கால்வாய்க்கு அடியில் கொண்டுபோனார்கள். சரக்குக்கு அது தேவையில்லை. கால்வாய்க்கு வடக்கிலேயே, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டால் படகும் ரயிலும் வண்டியும் ஒரே இடத்தில் கூடும். கூட்ஸ் ஸ்டேஷன் அங்கே உட்கார்ந்த காரணம் இதுதான்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. பயணிகள் நிலையம் 1852 அக்டோபரில் திறக்கும்வரை பயணிகளும் இந்த யார்டுப் பக்கம்தான் இறங்கினார்கள். 1850 ஆகஸ்டில் மெய்டன் லேன் ஓரமாக ஒரு தற்காலிக நிலையம் போட்டார்கள். 1851இன் மாபெரும் கண்காட்சியைப் பார்க்க வடக்கிலிருந்து வந்த ஜனங்கள் இறங்கியதும் அங்கேதான். பயணிகள் தெற்கே போனதும் அந்த இடம் உருளைக்கிழங்குக்குப் போனது. 1860களில் அது வரிசை வரிசையாகக் கிடங்குகள் கொண்ட சந்தையாகவே வளர்ந்துவிட்டது. கோதுமை மாதிரி கிழங்கை ஆறு மாடிக்கு ஏற்ற முடியாது. வேகன் பக்கத்திலேயே வியாபாரியின் கிடங்கு இருக்க வேண்டும், வாங்குகிறவன் வந்து பார்க்க வேண்டும். சரக்கு மாறினால் கட்டடத்தின் உருவமும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அந்த யார்டில் இல்லை.

அடுத்தது, வடக்குவாசல் ஐயா நின்ற முற்றம். அது முற்றமே இல்லை, ஐயா. தண்ணீர்! கிரானரிக்கு முன்னால் கால்வாயிலிருந்து பிரிந்து வந்த படகுத்துறை. படகுகள் கட்டடத்துக்கு அடியிலேயே நுழைந்துவிடும். மேலே தளத்தில் இருக்கிற கதவைத் திறந்து மூட்டையைத் தூக்கவும் இறக்கவும் செய்தார்கள். இன்று நீரூற்று பீறிடுகிற இடத்தில் சரக்குப் படகுகள் கட்டிக் கிடந்தன.

#6 வடக்குவாசல்

ஆஹா. மூன்று மாதமாக நான் நடந்தது தூர்த்த தண்ணீருக்கு மேலா! அந்த முற்றம் மட்டும் ஏன் இவ்வளவு விசாலமாகக் காலியாகக் கிடக்கிறது, பக்கவாட்டில் எல்லாம் நெருக்கிக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. இப்போது விளங்குகிறது.

#7 எதிர்க்கரை

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1852 என்றால் ரயில் யுகம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் யார்டின் நடுமையத்தில், ஆகச் சிறந்த இடத்தில், படகுத்துறையை வைத்துக் கட்டியது திட்டப் பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது. மேற்குப் பக்கம் நிலக்கரிக்கும் கல்லுக்கும் என்று இன்னொரு துறையும் தோண்டினார்கள். 1890களின் கடைசியில் அதைத் தூர்த்து அதன் மேலேயே புது கூட்ஸ் ஷெட் கட்ட வேண்டி வந்தது. ஐம்பது வருடம்கூடத் தாங்கவில்லை. முன்யோசனை உள்ளவர் அந்த இடத்தை முதலிலேயே லைனுக்கு விட்டிருப்பார். குனிந்து பார்த்து வியப்பது சரிதான், ஆனால் கியூபிட் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று எழுதிவிடக் கூடாது.

#8 வரைபடப்பித்தன்

எதிர்க்கரை, கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை.

1852இல் லண்டனுக்குள் கனமான சரக்கை எப்படிக் கொண்டுபோவார்கள்? குதிரைவண்டி ஒன்று. இன்னொன்று தண்ணீர். ரீஜென்ட்ஸ் கால்வாய் மேற்கே பாடிங்டனிலிருந்து கிழக்கே லைம்ஹவுஸ் வரை போய்த் தேம்ஸில் சேர்கிறது. துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கை நெரிசலான தெருவில் வண்டி வண்டியாக இழுப்பதைவிடப் படகில் விடுவது மலிவு. செங்கல், கல், நிலக்கரி எல்லாம் படகுக்கு ஏற்ற சரக்கு. கால்வாயோரம் இருந்த தொழிற்சாலைகளுக்கு வாசலே தண்ணீர் பக்கம்தான். கூடவே ஒன்றைப் பாருங்கள். வடக்கே ஒரு ரயில் ஷெட், தெற்கே ஒரு கால்வாய், நடுவில் சரக்கு கைமாறும் கிடங்கு. இந்த வரிசையைக் கலைத்தால் மூட்டையை இரண்டு முறை தூக்க வேண்டும். தலையில் சுமக்கிறவனுக்கு ஒரு தூக்கு மிச்சம் என்றாலும் மிச்சம்தான்.

நாற்பத்தைந்து வருடம் பயன்பட்ட துறையை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். முன்பக்கத்து கிரானரி துறை அதற்குப் பிறகும், இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது.

#9 எதிர்க்கரை

தூக்குக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மேற்குத் துறை விஷயத்தில் என் கருத்து அப்படியே நிற்கிறது. நிலக்கரி ரயிலிலேயே வந்து ரயிலிலேயே பிரிந்துபோக ஆரம்பித்தபின் அது முடங்கிய நிலம்.

#10 கூட்ஸ்கிளார்க்_ஓய்வு

நிலக்கரி என்றதும் உள்ளே வருகிறேன். அந்த யார்டில் என்னை மிகவும் ஈர்த்தது கோல் டிராப்ஸ். கிழக்கு வரிசை 1851, மேற்கு வரிசை 1859-60 வாக்கில் வந்தது. தண்டவாளக் கம்பிகளைத் தரையிலிருந்து உயரத்தில், செங்கல் வளைவுகளின் மேல் கொண்டுவந்துவிட்டார்கள். யார்க்ஷையர், டர்ஹாம் பக்கத்து நிலக்கரி வேகன் மேலே வந்து நிற்கும். ஆள் அடிக்கதவை விடுவிப்பான். கரி மடமடவென்று கீழே இருக்கிற தொட்டிக்குள் கொட்டும். அதற்கும் கீழே தெரு மட்டத்தில் குதிரைவண்டி. தொட்டியிலிருந்து சாக்கில் பிடித்து, எடை போட்டு, வண்டியில் அடுக்கினால் வேலை முடிந்தது. மேலே தூக்க ஒரு மண்வெட்டி வேண்டாம். பூமியின் இழுப்பே கூலியாள்.

ஆனால் ஒரு குறை. உயரத்திலிருந்து விழுந்தால் கரி உடையும். தூளுக்கு விலை கிடையாது, வீட்டு அடுப்புக்குக் கட்டியாகத்தான் வேண்டும். இதைச் சரிசெய்யப் பார்த்தவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரியும், வேறு காரியத்துக்காக. சாமுவேல் பிளிம்சால்! கப்பல் பக்கவாட்டில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று கோடு போடுகிறார்களே, அந்தக் கோட்டுக்காகப் போராடியவர். 1876இல் அது சட்டமானது. அதற்கு முன்னால் அவர் நிலக்கரி வியாபாரி. கரி உடையாமல் இறக்க ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கி, 1860களில் கால்வாய்க்குத் தென்கரையிலேயே தனியாக டிராப்ஸ் போட்டார். யார்டிலிருந்து கால்வாயைத் தாண்டி அதற்கு ஒரு மேம்பாலம் போனது. அதாவது எதிர்க்கரை தம்பி சொன்ன அந்தத் தண்ணீரைத் தாண்டிக் குதித்தது நிலக்கரிதான்.

#11 மேகலை

சார், அந்தப் பக்கத்திலேயே செயின்ட் பேங்க்ரஸ் இருக்கிறதே, ஒரே இடத்தில் இரண்டு பெரிய ஸ்டேஷன் ஏன்? இதற்கும் கூட்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

#12 வரைபடப்பித்தன்

உண்டு மேகலை, நேரடியான சம்பந்தம். மிட்லண்ட் ரயில்வேக்கு லண்டனுக்குச் சொந்த லைன் இல்லை. 1857இல் லெஸ்டரிலிருந்து ஹிட்சின் வரை போட்டுக்கொண்டு, அங்கிருந்து கிரேட் நார்தர்ன் கம்பியில் குடித்தனம் வந்தது. கிங்ஸ் கிராஸ் யார்டிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். இன்னும் நிற்கிற மிட்லண்ட் கூட்ஸ் ஷெட்டின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். இப்போது அதற்குள் சூப்பர்மார்க்கெட். வீட்டுக்காரனுக்கும் குடித்தனக்காரனுக்கும் சரக்கு ஒருசேரப் பெருகியது. 1862இல் நிலக்கரி சைடிங் (வேகன்களை ஒதுக்கி நிறுத்துகிற பக்க லைன்) விஷயத்தில் தகராறு முற்றி மிட்லண்ட் வெளியேற வேண்டியதாயிற்று. அதன்பின் தானே லைன் போட்டு 1868இல் செயின்ட் பேங்க்ரஸைத் திறந்தது.

மிட்லண்ட்காரர்கள் கால்வாய்க்கு மேலே பாலம் போட்டு வந்தார்கள். அதனால் பிளாட்பாரம் தெருவைவிட உயரத்தில் நின்றது, கீழே பெரிய வெற்றிடம் கிடைத்தது. அதில் பர்ட்டன் பியர் பீப்பாய்களை அடுக்கினார்கள். கீழே நிற்கிற இரும்புத் தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே பீப்பாய்க் கணக்கில் வகுத்தது. ஒரே கால்வாயை ஒருவர் அடியில் கடந்தார், ஒருவர் மேலே கடந்தார். இரண்டு ஸ்டேஷன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் உருவம் வேறாகப் போனதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம்.

#13 ஜீவன்_வடமராட்சி

டிராப்ஸ் பிறகு என்ன ஆச்சு எண்டு ஒருத்தரும் எழுதேல்லையே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். நிலக்கரி வேற சைடிங்குகளுக்குப் போயிட்டுது. மேற்கு வரிசையை 1890களின் கடைசியில பொதுச் சரக்குக்கு மாத்தினவை. கிழக்கு வரிசை கிட்டங்கியாப் போட்டுது, அதில ஒரு பகுதியில பாக்லி எண்ட கண்ணாடிப் போத்தல் வியாபாரம். 1985இல கிழக்குப் பக்கம் தீப்பிடிச்சு ஒரு பகுதி போச்சு. பிறகு அங்க இரவு விடுதி நடந்தது, அந்தப் போத்தல்காரற்ர பேரிலேயே. இளம் பெடியள் விடிய விடிய ஆடின கூரைக்குக் கீழதான் ஒருகாலத்தில கரித் தொட்டி இருந்தது.

2018இல கோல் டிராப்ஸ் யார்ட் எண்டு கடைத்தெருவாத் திறந்தவை.

#14 எதிர்க்கரை

அந்தக் கடைத்தெருவைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். தாமஸ் ஹெதர்விக் வடிவமைப்பு. இரண்டு வரிசையின் கூரையையும் நடுவில் வளைத்து இழுத்து ஒன்றையொன்று தொட வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கிழக்கும் மேற்கும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கம்பிக்காகக் கட்டியவை. நடுவில் இருந்தது வண்டிப்பாதை. மேலே கரி, கீழே குதிரை என்று அடுக்கு அடுக்காகப் படிக்க வேண்டிய இடத்தில் கண் முழுவதும் அந்த வளைவுக்குப் போய்விடுகிறது. புதிதாக வருகிற பிள்ளைக்கு அங்கே ரயில் மேலே ஓடியது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

#15 மேகலை

கட்டடக்கலை படிக்கிறவள் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன் அண்ணா. வரைபடப்பித்தன் அண்ணா சொன்ன கதையில் யாருமே முந்தையவரின் கட்டடத்தைத் தொடாமல் விடவில்லையே. பயணிகள் ஷெட் கிழங்குக்குப் போனது, டிராப்ஸ் பொதுச் சரக்குக்குப் போனது, துறையைத் தூர்த்து ஷெட் கட்டினார்கள். 1888இல் மிட்லண்ட் ஷெட்டுக்கு இரண்டு பக்கமும் ஹேண்டிசைடு கம்பெனியின் இரும்புக் கூரை ஏறியது. இவை எல்லாம் சரி என்றால் 2018 மட்டும் எப்படித் தவறாகும்? தீயில் கூரை போன கட்டடம் வேறு.

#16 எதிர்க்கரை

நல்ல கேள்வி மேகலை. என் பதில் இது: 1888இன் கூரை சரக்கு நனையாமல் இருக்க வந்தது. நிழல் எங்கே விழுகிறதோ அங்கே வேலை நடந்தது என்று இன்றைக்கும் படித்துவிடலாம். 2018இன் கூரை கூட்டத்தை இழுக்க வந்தது. அதுவும் ஒரு வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்த இரண்டு கூரையும் தொடுகிற இடத்தில் நின்றால் எனக்கு மனசு ஒட்டவில்லை. கல்லூரிக்காக 2011இல் கிரானரியில் செய்ததை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஷெட்டுகளின் நீளத்தை அப்படியே விட்டார்கள், பழைய நடமாட்டத்தின் திசையிலேயே இன்று மாணவர்கள் நடக்கிறார்கள்.

#17 கூட்ஸ்கிளார்க்_ஓய்வு

இரண்டு பேரும் நல்லா வாதாடினீர்கள். ஒரே ஒரு சேர்க்கை. அந்த டர்ன்டேபிள் முறையைச் சாகடித்தது வேகனின் நீளம். வேகன் வளர்ந்தது, தட்டு வளரவில்லை. தட்டில் நிற்காத வேகனுக்கு பாயிண்ட் வேண்டும், பாயிண்டுக்கு நீளம் வேண்டும், ஷெட்டுக்குள் அந்த நீளம் இல்லை. அப்புறம் லாரி வந்து, சில்லறைச் சரக்கு மொத்தமும் ரோட்டுக்குப் போய்விட்டது. ஐயா, மறுபடி அந்தப் பக்கம் போனால் தட்டின் விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். சுற்றிச் சுற்றி ஓடியதா, ஒரே கால் வட்டத்தில் முன்னும் பின்னும் போனதா என்று உங்களைப் போல லேத் பிடித்த கைக்குத்தான் தெரியும்.

#18 வடக்குவாசல்

இன்று விடியற்காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். ராத்திரி மழை. தட்டைச் சுற்றி இருக்கிற வட்ட இடுக்கில் தண்ணீர் நின்றது, அதனால் வட்டம் நன்றாகத் தெரிந்தது. முழங்காலைத் தரையில் ஊன்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். விளிம்பு முழுக்க ஒரே மாதிரி தேய்மானம்தான். ஆனால் தண்டவாளம் தட்டுக்குள் ஏறுகிற வாயில் அப்படி இல்லை. அங்கே கம்பியின் தலை நசுங்கி, பட்டறையில் பழைய உளியின் தலை விரிந்திருக்குமே, அந்த மாதிரி பக்கவாட்டில் இதழ் விட்டிருக்கிறது. சக்கரம் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் விழுந்த அடி. நாலு வாயிலும் தடவினேன். கிழக்கிலிருந்து வருகிற வாய்தான் அதிகம் நசுங்கியிருக்கிறது. கூட்ஸ்கிளார்க் சார் சொன்ன சுற்றுக்கு அது பொருந்துகிறதா என்று அவரே சொல்லட்டும்.

பேத்தி பிறந்து இன்றோடு பதினொரு நாள். அவளைத் தள்ளுவண்டியில் வைத்து அங்கே கூட்டிப்போக இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்கிறாள் மகள்.

#19 கூட்ஸ்கிளார்க்_ஓய்வு

பொருந்துகிறது ஐயா. கிழக்கில் காலியான வேகன் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். ரொம்ப நன்றி. முடிந்தால் அந்த நசுங்கின வாயை மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து.